தராசுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி

(திருகோணமலையில் துறைமுகத் தொழிலாளர்களோடு கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து வந்திருக்கிறோம். ஆனாலும் இந்த ஊர் எங்களுக்குத் தூரம் இல்லை. சீனக்குடாவில் அரைபடும் கோதுமை மாவுதான் எங்கள் லயத்து அடுப்பில் ரொட்டியாகிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

இன்று எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. அதற்கு நாங்கள் எதிரிகள் அல்ல. 2022 இல் எரிபொருளுக்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். ஜூலையில் கியூஆர் முறை வந்து, வாகனத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்டதும் வரிசை குறைந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். ஆனால் அதே ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. இங்கே எண்ணெய்க் குதங்களைப் பார்த்தபடியே படகுகள் கரையில் கிடந்தன. அங்கே அடுப்பு மூட்ட யோசித்தோம். அந்தக் கஷ்டத்துக்கு எந்தப் போனும் பதில் சொல்லவில்லை.

2023 இல் அஸ்வெசும வந்தது. கேள்வி கேட்டார்கள், பதில்கள் கணினிக்குள் போயின, பட்டியல் வெளியே வந்தது. பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். ஏன் விடுபட்டோம் என்று தெரிந்தால்தானே எழுதலாம்? பாடசாலை விட்டபின் ஆசிரியர்களாகிய நாங்கள் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். ஒரு பாட்டி கேட்டார்: “சேர், எங்க கூரை ஒழுகுறது அந்தக் கம்பியூட்டருக்குத் தெரியுமா?” எங்களிடம் பதில் இல்லை.

வேலைத்தலத்திலும் இதே கதைதான். முன்பு கொழுந்து மடுவத்தில் முள்ளுத் தராசு. முள் எங்கே நிற்கிறது என்று கொழுந்தெடுப்பவர் கண்ணால் பார்ப்பார். இப்போது திரையில் ஓர் எண் மின்னி மறைகிறது. ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று அதில் தெரியாது.

ஒரு தோட்டத்தில், எங்கள் வகுப்புப் பிள்ளைகள் அம்மா சொல்லும் கிலோவைத் தினமும் கொப்பியில் எழுதிவைத்தார்கள். மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டோம். ஒரு தாய்க்கு இரண்டு நாள் அரைப்பேர் போட்டிருந்தார்கள். கொப்பியில் அந்த இரண்டு நாளும் நிறை சரியாக இருந்தது. கொப்பியை மேசையில் வைத்துப் பேசினோம். அந்த இரண்டு நாள் சம்பளமும் முழுதாகக் கிடைத்தது. தவறு தராசிலா, எழுதிய கையிலா, தெரியாது. கொப்பி இருந்ததால்தான் கேட்க முடிந்தது.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று: நிறுத்த கிலோவும் கழித்த கிலோவும் போட்ட துண்டு அன்றன்றே தொழிலாளியின் கையில் வேண்டும், தமிழில் வேண்டும்.

இரண்டு: உதவி மறுக்கும் அரச அலுவலகம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்று: கணினி வந்தாலும் கவுண்டரில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அவருக்கு எங்கள் மொழி தெரிந்திருக்க வேண்டும்.

கைரேகை வைத்து வேலைக்குள் போகும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மேலதிக நேரத்தை நீங்களும் எழுதிவையுங்கள். கருவி அவர்கள் கையில் இருக்கட்டும், கணக்கு நம் கையிலும் இருக்கட்டும்.

நாளைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள்.