பேறுகால இரத்தக் கொதிப்பும் மருத்துவத்தின் இடர்களும்

(சேலையூரில் சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கருவுற்ற பெண்ணுக்கு வலிப்புக் கண்டால் 'ஜன்னி' என்றும் 'காற்று அண்டியது' என்றும் கூறி வேப்பிலை தேடியதை நம்மில் மூத்தோர் அறிவர். அது பேறுகால இரத்தக் கொதிப்பு முற்றிய நிலையாகும். அழுத்தம் 160-க்கு 110 என்னும் அளவைத் தொட்டால் கடுமையானது. மூளையில் இரத்தக் கசிவு நேரவும் கூடும்.

மருந்து உண்டு, ஆயின் அதைக் கொடுப்பது கத்திமேல் நடப்பது போன்றது. அழுத்தத்தைத் திடீரென இறக்கினால் நச்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைந்து கரு வாடும். எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குளுக்கோஸ் ஏற்றும்படி நாமே வற்புறுத்துகிறோம். இந்நோயில் நீர் மிகுந்தால் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும்.

வலிப்பை அடக்க, சென்னையில் டாக்டர் கிருஷ்ண மேனன் மூன்று மருந்துகளைக் கூட்டிக் கொடுக்கும் முறையை வகுத்து 1961-இல் வெளியிட்டார். இந்தியாவெங்கும் பல்லாண்டு அது வழங்கிற்று. தாய் ஆழ்ந்து உறங்குவதும் சேய் மந்தமாய்ப் பிறப்பதும் அதன் குறைகள். பல நாடுகளில் 1,687 பெண்களிடம் நடந்து 1995-இல் வெளியான ஆய்வு, வேறு இரு மருந்துகளைக் காட்டிலும் மக்னீசியம் சல்பேட்டே மீண்டும் வலிப்பு வராமல் காப்பதாகக் காட்டிற்று. இன்று எங்கும் அதுவே வழக்கு.

அதுவும் அளவு மீறினால் மூச்சை நிறுத்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் படித்த பெண்ணொருத்தியை எட்டாம் மாதத்தில் மருத்துவமனையில் சேர்த்தபோது உடனிருந்தோம். செவிலியர் அடிக்கடி வந்து சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார்; சிறுநீரை அளந்தார். "பெண் உயிருக்குப் போராடுகிறாள், இதென்ன விளையாட்டு?" என்று உறவினர் சண்டைக்கு எழுந்தனர். சேரிப் பெண் என்னும் அலட்சியமோ என்ற ஐயம் நமக்கும் எழுந்தது. அவ்வாறு ஐயுற நம் வாழ்வில் காரணம் இல்லாமலில்லை. ஆயின் அன்று நாம் நினைத்தது பிழை. மூச்சு தளருமுன் முழங்கால் துடிப்பு மறையும். மறைந்தால் அடுத்த ஊசி போடலாகாது. சிறுநீர் குறைந்தால் மருந்து உடலில் தங்கிவிடும். முறிவு மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் அருகிலேயே இருந்தது. இதனை அச்செவிலியர் பொறுமையாக விளக்கிய பின்னரே கூச்சல் அடங்கிற்று.

மகப்பேறே இந்நோய்க்கு முடிவான தீர்வு. "எட்டாம் மாதப் பிள்ளை தங்காது" என்று பாட்டி கையெழுத்திட மறுத்தார். பிள்ளையின் நுரையீரல் முதிர ஊசி உண்டு எனச் சொல்லி இணங்கச் செய்ய அரைநாள் ஆயிற்று. அந்த அரைநாளை இன்று நினைப்பினும் நடுக்கமே.

பேற்றுக்குப் பின்னும் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வீடு செல்ல வண்டி வந்து நின்றபோது அப்பெண்ணுக்கு அழுத்தம் மீண்டும் ஏறிற்று. வண்டியைத் திருப்பி அனுப்பியவர் அந்தப் பாட்டியே.