பன்னிரண்டு மாதமும் காவல் இருக்கும் ஜீவன்

(வத்தல்மலையில் நடந்த மகளிர் குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், வட்டி, தணிக்கை என்று ஒவ்வொரு மாதமும் பேசுகிறோம். இன்றைக்கு நான் பேசப் போவது நாயைப் பற்றி. சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் ஒரு நிமிஷம் வெளியே எட்டிப் பாருங்க. வாசல்ல நாலஞ்சு நாய் படுத்திருக்கு. யாரும் கூப்பிடலை. உங்க பின்னாடியே வந்து, நீங்க திரும்பிப் போற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கு.

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்று பழமொழி சொல்வாங்க. நம்ம மலையில் அது செல்லாது. ராத்திரி பட்டியில ஆடு இருக்கு. அது குழுக் கடனில் வாங்கின ஆடாக இருக்கும், இன்னும் தவணை முடிஞ்சிருக்காது. கொல்லையில் ராகியும் சாமையும் கதிர் விட்டு நிற்கும்போது காட்டுப்பன்றி வருது. வீட்டுக்காரர் வேலைக்கு வெளியூர் போயிருந்தால், நீங்களும் பிள்ளைகளும் மட்டும்தான். அந்த நேரத்தில் முதலில் குரல் கொடுக்கிறது யாரு? சம்பளம் வாங்காத அந்தக் காவல்காரன்தான்.

இது இன்று நேற்று வந்த உறவு இல்லை. நம்ம மாவட்டத்துக்குப் பக்கத்தில், திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 1,400 வருஷத்துக்கு முந்தியது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் சண்டையில் இறந்து போனான். அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் இருந்தது என்று அந்தக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் உருவத்தையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். ராஜாக்களின் பெயரே மறந்து போகிற உலகத்தில், ஒரு நாயின் பெயர் 1,400 வருஷமாகக் கல்லில் நிற்கிறது.

நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். நாய் நமக்குப் பன்னிரண்டு மாதமும் வேலை செய்யுது. அதோட தேவை மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறுது. அதைக் கவனிக்கப் பெரிய செலவு கிடையாது. கவனிக்காமல் விட்டால், நஷ்டம் நாயோடு நிற்காது. நம்ம வீட்டுக் குழந்தை வரைக்கும் வரும்.

உங்க வீட்டு நாய்க்கு மணி என்றே பெயர் வைத்துக்கொள்வோம். அதோட ஒரு வருஷத்தைப் பார்ப்போம்.

சித்திரை, வைகாசி

கீழே தர்மபுரி கொதிக்கும்போது நம்ம மலை கொஞ்சம் குளிர்ச்சிதான். ஆனால் இப்போது வெயில் பழைய மாதிரி இல்லை. 2024 கோடையில் ஈரோட்டில் 42 டிகிரிக்கு மேல் போனது. அந்த வருஷம் அக்டோபர் மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது.

நமக்கு வெயில் அடித்தால் உடம்பெல்லாம் வேர்க்கும், சூடு தணியும். நாய்க்கு அப்படி வேர்க்காது. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டை வெளியேற்றணும். அதனால் தகரக் கொட்டகையிலோ, சிமெண்ட் அட்டைக்குக் கீழேயோ சங்கிலியில் கட்டிவிட்டு நாம் கொல்லைக்குப் போய்விட்டால், அது அடுப்பில் கட்டின மாதிரிதான். காலையில் நிழலாக இருந்த இடம் மதியம் வெயிலாகிவிடும். சங்கிலி நீளம் போதாது, நகரவும் முடியாது.

அளவுக்கு மீறி மூச்சு வாங்குது, எச்சில் ஒழுகுது, தள்ளாடுது, வாந்தி எடுக்குது என்றால் வெயில் தாக்கிவிட்டது என்று அர்த்தம். உடனே நிழலுக்குக் கொண்டு போங்க. சாதாரண தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, முறத்தால் விசிறுங்க. தெளிந்து எழுந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்க. மயங்கிக் கிடக்கும்போது வாயில் ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும்.

தண்ணீருக்கு நாம் எவ்வளவு தூரம் குடம் தூக்குகிறோம் என்பது எனக்குத் தெரியும். நாய்க்கு என்று தனியாகச் சுமக்க வேண்டாம். அரிசி, காய் கழுவின தண்ணீரை ஒரு மண் சட்டியில் ஊற்றி நிழலில் வைங்க. அதில் வெங்காயத் தோல் மட்டும் வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது. அந்தச் சட்டியில் கோழியும் குடிக்கும், குருவியும் குடிக்கும்.

ஆடி, ஆவணி

காற்றும் தூறலும் வந்ததும் உண்ணி வரும். காது மடல், கழுத்து, கால் விரல் இடுக்கு, வால் அடி, இங்கேயெல்லாம் தடவிப் பார்த்தால் தெரியும். உண்ணி ரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை, காய்ச்சலையும் கொடுக்கும். சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, ஈறு வெளுத்துப் போவது, மூக்கில் ரத்தம் வருவது எல்லாம் உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். கடைசிக் கட்டத்தில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளை உட்கார வைத்து உண்ணி பார்க்கச் சொல்லுங்க. கையில் நசுக்க வேண்டாம். பிடுங்கி சோப்புத் தண்ணீரில் போடச் சொல்லுங்க. மண்ணெண்ணெய் தடவும் பழக்கத்தை விட்டுவிடணும். அது தோலைப் புண்ணாக்கும், நாய் நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

பெருமழை பெய்யும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்கணும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி, கேரளாவில் மூணாறு பக்கம் பெட்டிமுடி என்ற இடத்தில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த நம் தமிழ்க் குடும்பங்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 70 பேர் பலியானார்கள். அங்கே குவி என்று ஒரு வளர்ப்பு நாய். அது வளர்ந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று காணாமல் போயிருந்தது. மீட்புக் குழு ஒரு வாரம் தேடியும் கிடைக்காத அந்தக் குழந்தையின் உடல் ஆற்றில் கிடந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது குவிதான். பிறகு இடுக்கி போலீசின் நாய்ப்படை அதை எடுத்து வளர்த்தது. குழந்தையின் பாட்டி கேட்டுக்கொண்டதால் 2021-ல் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

நம்முடையதும் மலைதான். 2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. கடல் எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று இருந்தோம். டிசம்பர் 2-ஆம் தேதி காலை கணக்குப்படி, ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், நம்ம அரூரில் 33 சென்டிமீட்டர் மழை கொட்டியிருந்தது. கடல் இல்லாத ஊருக்கும் புயல் வரும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதனால் எச்சரிக்கை வந்தால், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், குழுவின் பதிவேடு எடுத்து வைக்கும்போது, ஆட்டையும் நாயையும் அவிழ்த்து விடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்க. வெள்ளத்திலும் மண் சரிவிலும் கட்டிப் போட்ட ஜீவனுக்குத் தப்பிக்க வழியே கிடையாது. அவிழ்த்து விட்டால் மேடு தேடிப் போகும்.

புரட்டாசி, ஐப்பசி

இந்த மாதங்களில் நாய்கள் கூட்டம் கூட்டமாகத் திரிவதைப் பார்த்திருப்பீங்க. நம் நாட்டு நாய்கள் பெரும்பாலும் மழைக்குப் பிந்திய இந்தக் காலத்தில்தான் இணை சேரும். அப்போது சண்டை வரும், கடி வரும். எங்கிருந்தோ வந்த நாய் நம்ம மணியைக் கடிக்கும். ராத்திரி வெளியே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. காலையில் வழக்கம் போல வாலை ஆட்டிக்கொண்டு வந்து பிள்ளையின் கையை நக்கும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருது. வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால், மனிதனோ நாயோ, ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. உலகத்தில் இந்த நோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் இந்தியாவில்தான். கடிபடுகிறவர்களில் பத்துக்கு நாலு பேர் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரியவங்க கடிபட்டால் வந்து சொல்வாங்க. பிள்ளைங்க அடி விழும் என்று பயந்து மறைச்சிடும். "நாய் கடிச்சாலும் கீறினாலும் உடனே சொல்லு, உன்னைத் திட்ட மாட்டேன்" என்று இன்றைக்கே வீட்டில் சொல்லி வையுங்க.

கடிபட்டால் என்ன செய்யணும்? மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வைக்க வேண்டாம். நம்ம மலையில் விளைகிறது என்று காப்பித்தூளும் அப்ப வேண்டாம். ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிஷம் கழுவணும். 15 நிமிஷம் என்பது ஒரு பானை சோறு கொதித்து வருகிற நேரம். அவ்வளவு நேரம் கழுவணும். கட்டுப் போட வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அல்லது அரசு மருத்துவமனைக்குப் போங்க. ஊசி அங்கே இலவசம்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் வயசானவங்களுக்கு இன்னும் இருக்கு. அந்தப் பழைய ஊசியை நம் நாட்டில் நிறுத்தி இருபது வருஷம் ஆகுது. இப்போது கையில்தான் போடுறாங்க. கடிபட்ட அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில். தோலில் போடும் முறையில் மொத்தம் நாலு தடவை. காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே போடும் மருந்து ஒன்றும் உண்டு. ஒரு தவணைகூட விடக் கூடாது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்க. கணக்கில் நீங்க என்னைவிடக் கெட்டிக்காரங்க. குழந்தை கடிபட்டால் நாலு நாள் மலை இறங்கி ஏறணும். நாலு நாள் கூலி போச்சு, துணைக்கு வர்றவங்க கூலியும் போச்சு. ஒன்றை விட்டால் உயிருக்கே ஆபத்து. நாய்க்கோ வருஷத்துக்கு ஒரே ஒரு ஊசி. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, நாலு வாரம் கழித்து இன்னொன்று, அப்புறம் வருஷா வருஷம். அவ்வளவுதான்.

ஊசி எப்போது போடுவது? நாய்கள் கூடித் திரியும் காலத்துக்கு முன்னாடி, ஆவணி முடிவதற்குள் போட்டுவிடுவது நல்லது. அப்போது முடியாதவர்களுக்கு செப்டம்பர் 28 இருக்கிறது. அன்றைக்கு உலக வெறிநோய் தினம். அதையொட்டிக் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துவது வழக்கம்.

கார்த்திகை முதல் மாசி வரை

நாய் சினை சுமப்பது ஏறக்குறைய 63 நாள். புரட்டாசியில் சேர்ந்தால் கார்த்திகை, மார்கழியில் குட்டி. நம்ம மலையில் மூடுபனி இறங்கும் நேரம் அதுதான். பிறந்த குட்டிக்கு முதல் சில வாரம் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றத் தெரியாது. ஈரத் தரையில் கிடந்தால் விறைத்துச் செத்துப்போகும். காற்று அடிக்காத மூலையில் ஒரு பலகை, அதன் மேல் காய்ந்த கோணி, கொஞ்சம் வைக்கோல் போதும். குட்டி போட்ட நாய்க்குக் களியோ கஞ்சியோ வழக்கத்தைவிட இரண்டு பங்கு கொடுங்க. அந்த நேரத்தில் குட்டியைத் தூக்கப் போகும் பிள்ளையைத் தாய் கடிக்கும். அது நாயின் குற்றமில்லை. பிள்ளையை எட்ட நிறுத்துங்க.

காப்பிப் பழம் பறிக்கும் காலமும் இதுதான். காய வைத்த காப்பிக் கொட்டையை நாய் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்க. நமக்குச் சுறுசுறுப்புத் தரும் காப்பி அதற்கு விஷம்.

ஆறு குட்டியில் ஐந்தை வளர்க்க ஆள் இல்லாமல் சந்தைப் பக்கம் விடுவதுதான் வழக்கமாக இருக்கு. அங்கே அது ஊசி போடாத தெரு நாயாகி நாளைக்கு யாரோ ஒரு பிள்ளையைக் கடிக்கும். நமக்குக் குடும்பநலம் தெரியும். நாய்க்கும் கருத்தடை ஆபரேஷன் உண்டு. கால்நடை மருத்துவரிடம் கேளுங்க. ஆடு மாடு விஷயமாகக் கூப்பிடும் 1962 என்ற இலவச எண்ணில் இதையும் விசாரிக்கலாம்.

குழுவில் என்ன செய்யலாம்?

இதைத் தனித்தனியாகச் செய்யச் சொன்னால் நடக்காது. ஒரு வீட்டு நாய்க்கு ஊசி போட்டு, பக்கத்து வீட்டு நாயை விட்டால் பலன் பாதிதான். அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் எழுதுங்க. ஒன்று, நம்ம ஊரில் எந்த வீட்டில் எத்தனை நாய், கடைசி ஊசி எப்போது என்று பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். இரண்டு, பெரியூர், பால்சிலம்பு, ஒன்றிக்காடு, சின்னங்காடு என்று எல்லா ஊர்க் குழுக்களும் சேர்ந்து, மலைக்கே வந்து ஊசி முகாம் நடத்தும்படி கால்நடைத் துறைக்குக் கூட்டமைப்பின் பேரில் ஒரு மனு. மூன்று, முகாம் நாளன்று நாயைப் பிடித்துக்கொண்டு வருவது வீட்டு ஆண்களின் வேலை. எல்லாவற்றையும் நாமே தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டம் முடிந்து போகும்போது உங்க நாய் எழுந்து உங்க கூடவே வரும். வீட்டுக்குப் போனதும் இரண்டு விஷயம் பாருங்க. அதன் சட்டியில் தண்ணீர் இருக்கா? அதற்குக் கடைசியாக ஊசி போட்டது எந்த வருஷம்? இரண்டாவது கேள்விக்குப் பதில் ஞாபகம் வரலை என்றால், பட்டியலில் முதல் பெயர் உங்க வீட்டுடையதாக இருக்கட்டும்.