ஆத்மாவின் பீடத்தில் அகப்பட்டது என்ன?



ஆத்மா சரீரத்தில் எங்கே குடியிருக்கின்றது என்று கேட்டால், நமது புராணப் பிரசங்கிகள் மாத்திரமல்ல, மேல்நாட்டு மேதைகளுங்கூட ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லித்தான் வந்திருக்கின்றார்கள். பிரஞ்சு தேசத்துத் தத்துவ அறிஞராகிய டேக்கார்ட், 1649-ல் வெளியான தமது புத்தகத்தில், மூளையின் நடுவே நெல்மணியளவாயுள்ள பீனியல் சுரப்பியே ஆத்மாவின் முக்கிய பீடம் என்றார். 1888-ல் பிரம்மஞான சங்கத்துப் பிளாவட்ஸ்கி அம்மையார் அதை ஆதிகாலத்து மூன்றாவது கண்ணின் மிச்சம் என்று எழுதினார். நெற்றிக்கண் கதைக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்!

ஆனால் சுரப்பியைச் சோதித்தவர்கள் கண்டதென்ன? 1917-ல் மாட்டின் பீனியல் சத்தைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் தோல் வெளுத்தது. தோலில் வெள்ளை படர்ந்தால் பூர்வஜன்ம கர்மம் என்று சொல்லி நாம் ஒதுக்கி வைத்தோம். அமெரிக்காவில் ஏல் சர்வகலாசாலையின் தோல் வைத்தியர் லெர்னரோ, தோல் வியாதிக்கு உதவுமா என்று பார்க்க, மாட்டுச் சுரப்பிகளைக் குவித்து ஆராய்ந்து, 1958-ல் அச்சத்தைப் பிரித்தெடுத்து மெலடோனின் என்று பெயரிட்டார். இருட்டில் சுரந்து, இரவு வந்ததைச் சரீரத்துக்கு அறிவிக்கும் ஹார்மோன் அது.

இன்னுமொரு சங்கதி. நாம் சுவாசிக்கும் பிராணவாயு உடலில் வேலை செய்யும்போது, எலெக்ட்ரான் குறைந்த சில துணுக்குகள் உண்டாகி, பக்கத்திலுள்ள நல்ல பொருள்களிடம் பறித்து அவற்றைக் கெடுக்கின்றன. மெலடோனின் தன்னுடையதையே கொடுத்து அத்துணுக்குகளை அடக்குகின்றது. அதனால் அதன் வளையம் உடைந்து ஏ.எப்.எம்.கே. என்கின்ற பொருளாகின்றது. உடைந்ததோடு வேலை தீரவில்லை. அந்த ஏ.எப்.எம்.கே.யும் அதே கெடுதலைத் தடுக்கின்றது என்று 2001-ல் சோதனைச்சாலையில் காட்டினார்கள். அது பின்னும் சிதைந்து ஏ.எம்.கே. ஆகி, அதுவும் அவ்வேலைக்கு உதவுகின்றது.

இதைக் கேட்டு மருந்துச் சீசாவுக்கு ஓடவேண்டாம். நம் உடம்பிலுள்ள மெலடோனினில் பெரும்பாகம் கல்லீரலில் வேறு வழியாய் மாறி மூத்திரத்தில் போய்விடுகின்றது. சோதனைக் குழாயில் கண்டதையெல்லாம் நோய் தீர்க்கும் மருந்தென்று விற்பவனும் ஒருவகைப் புரோகிதனே.

தோழர்களே! கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் சிதைந்தபின் என்னவாகின்றது, அதன்பின் என்னவாகின்றது என்று படிப்படியாய்க் காட்ட அறிவினால் முடிகின்றது. வேண்டியவர்கள் மறுபடி சோதித்துக் கொள்ளலாம், தப்பாயிருந்தால் தள்ளிவிடலாம். மனிதன் செத்தபின் ஆத்மா என்னவாகின்றது என்று சொல்லுகின்றவர்கள் எதைக் காட்டினார்கள்? வருஷாவருஷம் திதியென்று அரிசியும் வாழைக்காயும் தட்சணையும் கட்டிக்கொண்டு போனதைத்தவிர நாம் ஒன்றும் கண்டோமில்லை.

ஆகவே அடுத்த திதிக்குக் கடன் வாங்குமுன், "எப்படித் தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வந்தால் யோசித்து ஏற்றுக்கொள்ளுங்கள்; வராவிட்டால் அப்பணத்துக்குப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக் கொள்ளுகின்றோம்.