மானம், அந்தரங்கம், சொந்த உருவம்: கருத்தரங்கத் தலைமை உரை

தலைமை உரை நீளக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. மேடையேறியவருக்கு மட்டும் அது மறந்துபோகும். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்பெயினின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 18ஆம் பிரிவில் மூன்று உரிமைகளை ஒரே மூச்சில் சொல்கிறது: ஒனோர், இன்டிமிடாட், ப்ரோப்பியா இமாஹென். தமிழில் சொன்னால் மானம், அந்தரங்கம், சொந்த உருவம். இவற்றுக்கு உரிமையியல் பாதுகாப்பு தரும் சட்டம் 1982 மே 5 அன்று வந்தது. அரசியலமைப்புக்கு ஸ்பானிய அரசு வெளியிட்டுள்ள ஆங்கில வடிவத்தில் மூன்றாவது உரிமை ‘ஓன் இமேஜ்’ என்றே இருக்கிறது. ஆங்கிலேயர் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். காதில் கரடுமுரடாகத்தான் விழுகிறது. ஆனாலும் அதைச் செய்தவரை நான் பாராட்டுகிறேன். அவர் அங்கே ‘ரைட் ஆஃப் பப்ளிசிட்டி’ என்று போட்டிருந்தால் வாக்கியம் வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கும், பொருள் கெட்டிருக்கும். அந்த அமெரிக்க உரிமை, தன் முகத்தையும் பெயரையும் விற்றுக் காசாக்கும் உரிமை. ஸ்பானிய உரிமையோ மனித கண்ணியத்தில் வேர்கொண்டது. அடையாளம் தெரியாத ஒரு பாட்டிக்கும் நடிகைக்கும் பொதுவானது.

இன்று நான் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான். ஆங்கிலத்தில் ஏற்கெனவே தனக்கென்று ஒரு வழக்கு வரலாறு உள்ள சொல்லை ஸ்பானியச் சொல்லின் இடத்தில் உட்கார வைத்தால், அந்த வரலாறு முழுவதும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

‘பப்ளிக் ஃபிகர்’ என்ற தொடரையே எடுத்துக்கொள்வோம். 1964இல் நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் வழக்கில், பொது அதிகாரி ஒருவர் தன் பணி பற்றிய அவதூறுக்கு வழக்குத் தொடர்ந்தால், எழுதியவர் பொய்யென்று தெரிந்தே எழுதினார் அல்லது உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் எழுதினார் என்று அவர் மெய்ப்பிக்க வேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1967இல் அந்த விதி அதிகாரிகளைத் தாண்டிப் பிரபலங்களுக்கும் நீண்டது. 1974இல் கெர்ட்ஸ் வழக்கு, முழுநேரப் பிரபலம், ஒரு சர்ச்சைக்கு மட்டும் பிரபலம் என்று வகை பிரித்தது. ஆக அமெரிக்கச் சட்டத்தில் அந்தத் தொடர் ஒரு வாசற்படி. அதைத் தாண்டிவிட்டால் மெய்ப்பிக்க வேண்டிய சுமையே மாறிவிடுகிறது.

ஸ்பானியத் தீர்ப்புகளில் வரும் ‘பெர்சொனாஹே பூப்ளிகோ’ அப்படிப்பட்ட வாசற்படி அல்ல. அங்கே நீதிபதி சீர்தூக்குகிறார். செய்தியில் பொதுநலன் உண்டா, செய்தியாளர் சரிபார்த்தாரா, தேவையற்ற வசைச்சொல் இருக்கிறதா என்று பார்க்கிறார். சம்பந்தப்பட்டவர் எவ்வளவு தூரம் பொதுவெளியில் இருக்கிறார் என்பதும் அந்தத் தட்டில் விழும் ஒரு கல். அமைச்சருக்கு ஒரு அளவு, பாடகிக்கு வேறு அளவு, தற்செயலாகச் செய்தியில் சிக்கிய அண்டைவீட்டுக்காரருக்கு இன்னும் வேறு. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு இன்னொன்றையும் சேர்க்கிறது: ஒருவர் தம் நடத்தையாலேயே எதை எதைத் தமக்கும் குடும்பத்துக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். திருமணப் படங்களைப் பத்திரிகைக்கு விற்றவரும், வாசற்கதவைச் சாத்தியே வைத்திருந்தவரும் ஒரே அளவு பிரபலமாக இருக்கலாம். நீதிமன்றத்தில் அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றாக இராது.

‘ஆங்கிலம்’ என்று ஒருமையில் சொல்வதும் பிழை. இங்கிலாந்து சல்லிவன் விதியை ஏற்கவில்லை. அங்கே அந்தரங்க மீறலுக்கென்று பொதுவான வழக்குரிமை இல்லை என்று 2003இல் பிரபுக்கள் சபை சொன்னது. மறு ஆண்டே நவோமி கேம்பெல் வழக்கில், அந்தரங்கத் தகவலைத் தவறாகப் பயன்படுத்துவது என்ற வேறு வழியைத் திறந்துவிட்டது. இந்தியாவிலோ, நக்கீரன் இதழில் ஆட்டோ சங்கரின் தன்வரலாறு வெளிவருவது பற்றிய 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றம் சல்லிவனை எடுத்துப் பேசியது. ஆகவே இங்கே சட்டம் படித்தவர் ‘பப்ளிக் ஃபிகர்’ என்று வாசித்தால், மத்ரித் தீர்ப்பிலும் அவருக்கு அமெரிக்கக் குரலே கேட்கும். ‘பொதுவெளியில் அறியப்பட்டவர்’ என்ற பொருள்தரும் சாதாரண ஆங்கிலத் தொடர் போதும் என்பேன். நீளம்தான், பரவாயில்லை.

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில் ‘நோட்டோரியெடாட்’ என்று ஒரு சொல் வருகிறது. பொதுப் பதவி வகிப்பவரையோ, நோட்டோரியெடாட் உள்ள தொழில் செய்பவரையோ, பொது நிகழ்ச்சியிலோ பொது இடத்திலோ படமெடுத்து வெளியிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. சொல்லுக்குப் பொருள், ஊரறிந்திருத்தல், அவ்வளவுதான். ஒலி ஒற்றுமையை நம்பி ‘நோட்டோரியஸ்’ என்று எழுதினால், கால்பந்து வீரரும் செய்தி வாசிப்பாளரும் ஆங்கிலத்தில் கேடிகள் ஆகிவிடுவார்கள். மானத்தைக் காக்கும் சட்டத்தை மொழிபெயர்த்தே மானத்தை வாங்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அடைமொழிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அரசியலமைப்பு வெறும் அந்தரங்கம் என்று சொல்லவில்லை. ‘தனிப்பட்ட, குடும்ப அந்தரங்கம்’ என்கிறது. சுருக்க விரும்பும் மொழிபெயர்ப்பாளர் ‘பிரைவசி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். அதனால் எது தொலைகிறது என்பதை ஒரு வழக்கு காட்டும். 1984 செப்டம்பர் 26 அன்று, கோர்தோபா மாகாணத்தின் போஸோபிளாங்கோ ஊரில், பாக்கிர்ரி என்ற புகழ்பெற்ற காளைப்போர் வீரரைக் காளை குத்திச் சாய்த்தது. அரங்கின் சிகிச்சை அறையில் அவர் காயத்தோடு கிடந்ததும் மருத்துவர்களிடம் பேசியதும் படமாயின. பின்னர் அது வீடியோவாக விற்பனைக்கு வந்தது. அவருடைய மனைவி, பாடகி இசபெல் பான்டோஹா, வழக்குத் தொடர்ந்தார். உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1988 டிசம்பர் 2 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

எந்த அடிப்படையில் என்பதுதான் நமக்கு முக்கியம். இறந்தவரின் சொந்த உருவ உரிமை, அடிப்படை உரிமை என்ற அளவில், அவரோடு முடிந்துவிட்டது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மீறப்பட்டது உயிரோடிருக்கும் மனைவியின் அந்தரங்கம். கணவரின் கடைசி நிமிடங்கள் அவருடைய குடும்ப அந்தரங்கத்துக்குள் அடங்கும் என்பதால். களத்தில் நடந்தது காட்சி. சிகிச்சை அறையில் நடந்தது காட்சி அல்ல. வீரர் ஊரறிந்தவர் என்பதால் அவருடைய காயமும் சாவும் தொழிலின் பகுதியாகிவிடா. இனி ‘குடும்ப’ என்ற அடைமொழியை நீக்கிவிட்டு அந்தத் தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசித்துப் பாருங்கள். மனைவி எதற்காக வழக்காடினார், எப்படி வென்றார் என்றே விளங்காது. ஒரு சொல்லை மிச்சம் பிடிக்கப் போய்த் தீர்ப்பின் காரணமே காணாமல் போகும்.

மானத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இதை ‘ரெப்யூட்டேஷன்’ என்று பெயர்ப்பவர் பலர். பாதிதான் சரி. ஸ்பானியத் தண்டனைச் சட்டம் ‘இன்ஹூரியா’ என்ற குற்றத்தை வரையறுக்கும்போது, பிறர் மத்தியில் உள்ள பெயரைக் கெடுப்பதோடு, ஒருவர் தம்மைத் தாமே மதிக்கும் மதிப்பைத் தாக்குவதையும் சேர்க்கிறது. ஆங்கிலேய அவதூறுச் சட்டத்துக்கு மூன்றாவது ஆளின் காது வேண்டும். இதற்கு அது கட்டாயமில்லை. மானநஷ்டம் என்ற சொல்லை நீதிமன்ற வளாகம் வரை கொண்டுபோன நமக்கு இதில் வியப்பு இல்லை. இன்ஹூரியாவின் கூட்டாளி ‘கலூம்னியா’: பொய்யென்று அறிந்தோ, உண்மையைப் பொருட்படுத்தாமலோ ஒருவர் மீது குற்றச்செயலைச் சுமத்துவது. இந்த இரண்டையும் ‘லைபல்’, ‘ஸ்லாண்டர்’ என்று இணை சேர்க்கும் அகராதிகள் உண்டு. ஆங்கிலத்தின் அந்த இரண்டும் எழுத்தில் சொன்னதா, வாயால் சொன்னதா என்று பிரிப்பவை. ஸ்பானிய இரண்டும் என்ன சொன்னார் என்று பிரிப்பவை. ஜோடிக்கு ஜோடி என்று பொருத்தியதைத் தவிர அதில் வேறு நியாயம் இல்லை.

‘வெராஸ்’ என்ற சொல்லும் கண்ணிதான். அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு ‘வெராஸ்’ ஆன செய்தியைக் காக்கிறது, ஆங்கிலத்தில் ‘ட்ரூத்ஃபுல்’. ஆனால் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 1988ஆம் ஆண்டு 6ஆம் எண் தீர்ப்பு, உண்மையாகவே இருந்தாக வேண்டும் என்று கேட்கவில்லை. செய்தியாளர் கவனத்தோடு சரிபார்த்திருக்க வேண்டும் என்றது. அப்படி உழைத்தவர் தவறினாலும் பாதுகாப்பு உண்டு. அந்தரங்க வழக்கிலோ செய்தி உண்மை என்பது பதிலே ஆகாது. உண்மையாக இருப்பதால்தானே அது அந்தரங்கம்!

தொகைகளிலும் கதை உண்டு. ஸ்பெயினில் ஊரறிந்த பிரபலமான இசபெல் பிரெய்ஸ்லரின் வீட்டில் வேலை பார்த்த ஒருவர் சொன்னதை ஒரு வார இதழ் அச்சிட்டது. அரசியலமைப்பு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அதை அந்தரங்க மீறல் என்றது. இழப்பீட்டை மறுபடி தீர்மானித்த உச்ச நீதிமன்றம் 25,000 பெசெட்டா கொடுத்தது. யூரோவில் 150 தேறும். 2001இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு ஒரு கோடி பெசெட்டா என்றது. மீறல் நிரூபணமானால் பாதிப்பு நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்பது 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. அங்கே ‘தான்யோ மொரால்’ என்று வருவதை ‘மாரல் டேமேஜ்’ என்று எழுதி, ஒழுக்கக்கேட்டுக்கு இழப்பீடு தந்ததுபோல ஆக்கிய வரைவுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பணத்தால் அளக்க முடியாத மனவேதனைதான் அது.

இந்த அவையிடம் ஒரு வேலையைக் கேட்டு வைக்கிறேன். பிற்பகலில் கலைச்சொற் பட்டியலை எடுக்கும்போது, ஒவ்வொரு ஸ்பானியச் சொல்லுக்கும் ஓர் ஆங்கிலச் சொல் என்று நிரப்பிக்கொண்டே போக வேண்டாம். எந்தச் சொல்லுக்கு நேர்ச்சொல் உண்டு, எதற்கு விளக்கத்தொடர் வேண்டும், எதை ஸ்பானியத்திலேயே விட்டு அடிக்குறிப்பு போட வேண்டும் என்று மூன்றாகப் பிரியுங்கள். ‘இன்ஹூரியா’வை மூன்றாவதில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. ‘பெர்சொனாஹே பூப்ளிகோ’ பற்றி முதல் கட்டுரையாளருக்கு என்னோடு உடன்பாடு இல்லை என்று அவருடைய சுருக்கத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அவரையே முதலில் பேச அழைக்கிறேன்.