ஆறாம் வகுப்பில் அரும்பு



வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் கலைக்கல்லூரி தொடங்கியது 1947-இல். 1950-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் வந்துவிட்டது. மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே 1953-இல் திறக்கப்படும் முன்பே இந்த ஊர் ஆசிரியர்களை அனுப்பத் தொடங்கியிருந்தது.

அந்த வரிசையில் இன்று கல்வியியல் பட்டம் பெற்று வருகிறவர்களுக்கு முன்னோர் காணாத ஒரு வகுப்பறை காத்திருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய தொடக்கப் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த குழந்தை, பள்ளிப் படி ஏறும்போதே இரண்டாம் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சி ஓடியது உண்மைதான். பல வீடுகளில் இருந்த ஒரே செல்போனோ அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அந்தக் குழந்தைகள் 2025-26-இல் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அதாவது, பட்டதாரி ஆசிரியரின் கைக்கு. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்குவது ஒன்றாம் வகுப்பு டீச்சர் வேலை என்றே பழகிய கைக்கு!

பழியை முழுவதும் கொரோனா மேல் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இலேயே 10.2 சதவீதம்தான் என்கிறது பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் ஆய்வு. 2022-இல் அது 4.8 ஆனது.

மீட்டெடுக்க முடியும் என்பதையும் தமிழ்நாடே காட்டியது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், மாலையில் ஏறக்குறைய இருபது பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோரின் ஆய்வுப்படி, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது; அந்த மீட்சியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு இந்த வகுப்புகளால் வந்தது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தது. வயதைப் பார்க்காமல், தெரிந்ததைப் பார்த்துத் தொடங்கியதுதான் அதன் நல்ல அம்சம்.

அதே பார்வை ஆறாம் வகுப்பிலும் வேண்டும். அங்கே நோட்டு ஒன்றில் 42-இல் 17 போனால் 35 என்றிருக்கும். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட இரண்டு நொடி போதும். "எப்படிப்பா போட்ட?" என்று கேட்டால்தான், ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறான் என்பது தெரியும். பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது அவன் கற்ற விதி. அதைத் தவறாமல் பின்பற்றியிருக்கிறான். கடன் வாங்கிக் கழிப்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதிவிட்டு, எழுதியதை வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அதே பெஞ்சில் இருப்பாள்.

ஆகவே ஜூனில் வேலைக்குச் சேரும் ஆசிரியர், முதல் பாடம் நடத்தும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அழைத்து ஒரு பத்தி வாசிக்கவும் ஒரு கழித்தல் போடவும் சொல்லட்டும். முதல் வாரம் அதிலேயே போகும். "போர்ஷன் என்னாச்சு?" என்று தலைமையாசிரியர் கேட்பார். வாசிக்கவும் கழிக்கவும் திணறிய பிள்ளைகளின் பட்டியலை அவர் மேசையில் வையுங்கள்.