உடன்படிக்கையில் ஒரு சொல்



நெல்லை விற்றவன் வாங்கியவனின் அடுக்களையை எட்டிப் பாரான். அணுவுலைக்குரிய யுரேனியமோ அத்தகையதன்று. விற்ற பின்னும் விற்றவன் கை அதன் மேலேயே இருக்கும். ஆதலின், அதனை வாங்கப் பேசுங்கால் விலையினும் சொல்லே பெரிது.

1956ஆம் ஆண்டில் மும்பையை அடுத்த திராம்பேயில் ஓர் ஆய்வுலை அமைக்கக் கனடா இசைந்தது. அவ்வுலை அமைதிப் பணிக்கே உரியதென்பது இருவரும் ஏற்ற நெறி. 1974 மே 18இல் இந்தியா பொக்ரானில் அணுவெடிப்பு நிகழ்த்தியது. அதற்கான புளூட்டோனியம் அவ்வுலையில் விளைந்ததே. 'இதுவும் அமைதி வெடிப்பே' என்றது இந்தியா. கனடா அதனை ஏற்கவில்லை. அணுத்துறை உதவி அறுந்தது. 'அமைதி' என்னும் ஒரு சொல்லுக்கு எல்லை வகுக்காமையால் வந்த விளைவு அது!

தாராப்பூரின் கதையும் எண்ணத்தக்கதே. 1963ஆம் ஆண்டு உடன்படிக்கையால், அங்குள்ள உலைகளுக்கு 30 ஆண்டுகள் செறிவூட்டிய யுரேனியம் தர அமெரிக்கா ஒப்பியது. அவ்வுலைகள் அந்நாட்டு எரிபொருளையே கொள்ளுமென இந்தியாவும் ஒப்பியது. 1978இலோ அமெரிக்கா புதுச் சட்டம் இயற்றிற்று. தன் அணுவுலைகள் அனைத்தையும் பன்னாட்டுக் கண்காணிப்பிற்கு உட்படுத்தாத நாட்டிற்கு எரிபொருள் இல்லை என்றது அச்சட்டம். 1980இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் எரிபொருள் அனுப்ப முனைந்தபோது, அதனைத் தடுக்கும் தீர்மானம் மேலவையில் 46க்கு 48 என்னும் வாக்குகளில்தான் தோற்றது. தாராப்பூரின் விளக்கு இரண்டு வாக்குகளில் தொங்கியது! 1982இல் பிரான்சு அப்பொறுப்பை ஏற்ற பின்னரே பூசல் தணிந்தது.

பின்னர் இந்தியா, குடிசார் உலைகளைப் படைக்குரியவற்றினின்று பிரித்து, அவற்றைக் கண்காணிப்பிற்கு உட்படுத்த இசைந்தது. அதாவது, 'அமைதி'க்கு எல்லைக்கோடு இட்டது. 2008 செப்டம்பரில் வியன்னாவில் கூடிய அணுப்பொருள் வழங்கு நாடுகள் தடையைத் தளர்த்தின. 2014இல் ஆத்திரேலியா உடன்படிக்கை செய்தது. 1974இல் கதவடைத்த அதே கனடாவிலிருந்து யுரேனியம் வாங்கும் உடன்பாடு, 41 ஆண்டுகள் கழிந்து, 2015இல் கையெழுத்தாயிற்று.

அவையோரே! இவ்வரலாறு புகட்டும் பாடம் இரண்டு. ஒரே வாயிலை நம்பி உலை மூட்டலாகாது என்பது ஒன்று. பொருள் வரையறாத சொல்லின்கீழ்க் கையொப்பம் இடலாகாது என்பது மற்றொன்று. சொல்லாராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரியதன்று, நாடாள்வோர்க்கும் உரியதே. இருபொருள்படும் சொல் பாட்டிற்கு அணியாகலாம். உடன்படிக்கைக்கோ அது பிணியே!