அம்மாவின் பொந்தையில் ஆறு கலர்

(ஓசூரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்குவதற்கு முன் இந்தப் போர்வையைச் சுற்றுக்கு விடுகிறேன். கூச்சப்படாமல் தொட்டுப் பாருங்கள், மடியில் போட்டுப் பாருங்கள். துவைத்ததுதான். பழைய துணியைத் தொடுவதற்கு நமக்கு ஏன் ஒரு தயக்கம் வருகிறது என்பதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

இது என் அம்மா தைத்தது. எங்கள் வீட்டில் இதைப் பொந்தை என்போம். தெலுங்கில் பொந்த, கன்னடத்தில் கௌதி. தமிழில் சிலர் ஒட்டுத்துணிப் போர்வை என்கிறார்கள். ஓசூர்க்காரர்களுக்கு மூன்றும் புரியும். பழைய புடவையை அடியில் விரித்து, மேலே கிழிசல் துணிகளை அடுக்கி, ஓட்டுத்தையல் போட்டு இறுக்குவது. மார்கழிக் குளிருக்கு இதைவிட நல்ல போர்வை கிடையாது.

இந்தப் பொந்தையில் ஆறு கலர் இருக்கிறது. வெளிர்நீலம், சாம்பல், பச்சை, காக்கி, கருநீலம், ஆரஞ்சு. ஆறும் அம்மாவின் யூனிஃபார்ம். சிப்காட்டில் ஒரே கம்பெனியில், ஒரே கேட் வழியாகப் போய், ஒரே ஷாப் ஃப்ளோரையும் ஒரே கழிப்பறைகளையும் பதினான்கு வருடம் சுத்தம் செய்தார். இதில் எதுவும் மாறவில்லை, கான்ட்ராக்டர் மட்டும் ஆறு முறை மாறினார். ஒவ்வொரு முறையும் புது கலர், புது அடையாள அட்டை, புதிதாக ஒரு 'சேர்ந்த தேதி'. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டு தொடர் வேலையைக் கேட்டது. எந்தக் கான்ட்ராக்டரிடமும் அம்மாவுக்கு ஐந்தாண்டு நிறையவில்லை. நிறைய விடவில்லை என்பதுதான் சரி.

யூனிஃபார்முக்கான காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 'காசு என்னுது, துணியும் என்னுது' என்று ஒவ்வொன்றையும் அம்மா வைத்திருந்து, வரிசை மாறாமல் தைத்தார். வெளிர்நீலம்தான் முதல் கான்ட்ராக்டர். அங்கிருந்து வலப்பக்கம் படித்துக்கொண்டே போகலாம்.

ஒருமுறை இதை மடித்து எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர்தான், சிரித்துவிட்டார். 'இது சாட்சியமாகாதும்மா' என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் சம்பளச் சீட்டே கையில் தராத இடத்தில், பதினான்கு வருடத்துக்கு அம்மாவிடம் இருந்த ஒரே பதிவேடு இதுதான்.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். அந்த ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் முழுக்க எங்கள் காலனியும் பக்கத்து ஊர்க் காலனியும்தான். சூப்பர்வைசர் ஆள் எடுக்க நேராகக் காலனிக்குத்தான் வேன் அனுப்புவார். சாதிச் சான்றிதழை யாரும் கேட்டதில்லை. வேன் நிற்கும் இடமே சான்றிதழ்.

துணிக்கும் சாதிக்கும் உள்ள உறவு சிப்காட் வந்த பிறகு தொடங்கியதல்ல. சண்டாளர்கள் இறந்தவர்களின் உடையைத்தான் உடுத்த வேண்டும் என்று மனுஸ்மிருதி பத்தாம் அத்தியாயத்தில் சட்டம் போடுகிறது. தெற்கே நாடார் பெண்கள் தோள்சீலை போடுவதற்குப் பல பத்தாண்டுகள் போராடி, 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசிடமிருந்து ஆணை பெற்றார்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டை போடக் கூடாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழி நமக்குத் தெரியும். கசக்குவதற்குக் குளத்தில் இறங்க விட்டார்களா என்று அந்தப் பழமொழி கேட்கவில்லை.

1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அதே மாநாட்டையொட்டி அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசியதைக் குறைவாகவே சொல்கிறோம். உங்கள் சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதத்தில் புடவை கட்டாதீர்கள், மற்ற பெண்களைப் போலக் கட்டுங்கள் என்ற பொருளில் பேசினார். பெண்கள் உடனே கட்டு முறையை மாற்றினார்கள்.

இனி கொஞ்சம் தூரம் போவோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். மூன்று பக்கமும் ஆறு. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள் வாழ்கிறார்கள். அந்தப் பெண்களும் நம்மைப் போலவே வேலைக்குப் போட்டுக் கிழிந்த உடைகளில்தான் போர்வை தைத்தார்கள். மிசௌரி பெட்வே என்பவர் 1942-இல் தன் கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடைகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். ஞாபகத்தைப் போர்த்திக்கொண்டு தூங்குவதற்கு. வாக்குரிமைப் போராட்டம் சூடுபிடித்த 1962-இல் அந்த ஊருக்கான படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். வாக்காளராகப் பதிய எதிர்க்கரை நகரத்துக்கு இவர்கள் போகக் கூடாது. 2006 வரை படகு திரும்பவில்லை. ஆனால் 1966-லேயே அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். போர்வை விற்ற காசு அவர்கள் கைக்கே வந்தது.

இதைக் கேட்டு உடனே மெய்சிலிர்க்க வேண்டாம். பிறகு அந்தப் போர்வைகள் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போயின, தபால்தலையில் வந்தன, விலை எகிறியது. 2007-இல் தைத்த பெண்களில் சிலர் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று வழக்குப் போட வேண்டியிருந்தது. நம் பொந்தையும் நாளைக்குப் பெங்களூரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கலாம். தைத்தவர் பெயர் இருக்காது.

அருகிலேயே உதாரணங்கள் இருக்கின்றன. வட கன்னட மாவட்டத்தில் எல்லாபூர், ஹளியாள் பக்கம் சித்திகள் இருக்கிறார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி. அவர்கள் தைக்கும் கவந்தி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். மூலைகளில் பூலா என்று சிறு துணி மடிப்பு வைக்காவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்கள். இந்தப் பக்கம் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள், மறைந்துகொண்டிருந்த தங்கள் ஊசிவேலையைப் பாட்டிகளிடம் கற்று மீட்டார்கள். தங்கள் அமைப்புக்கு வைத்த பெயர் 'போர்கை'. பெருமை என்று பொருள். இன்னொன்று சொல்ல வேண்டும். லம்பாடிகள் கர்நாடகத்தில் பட்டியல் சாதி, தெலங்கானாவில் பழங்குடி, தமிழ்நாட்டில் இரண்டும் இல்லை. அத்திப்பள்ளி சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஒருவருடைய ஒடுக்குமுறை வேறு பெயர் எடுத்துக்கொள்ளும். எல்லையில் வாழும் நாம் இதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

இப்போது எனக்குப் பேசக் கடினமான இடம். 2018 நவம்பரில் சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில் இரண்டு உடல்கள் கிடைத்தன. யாரென்று கர்நாடகப் போலீசுக்குத் தெரியவில்லை. அந்த இளைஞனின் டி-சர்ட்டில் அம்பேத்கர் படமும் அவன் ஊர்ப் பெயரும் அச்சாகியிருந்தன. அதை வைத்துத்தான் நம் ஓசூர் அருகே சூடுகொண்டபள்ளிக்கு வந்தார்கள். நந்தீஷ், சுவாதி. சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பெண்ணின் உறவினர்கள் கைதானார்கள். ஜெயந்திக்குக் காசு போட்டு டி-சர்ட் அடிக்கும் பையன்களைப் பார்த்து 'வெறும் பகட்டு' என்று நானே சொன்னதுண்டு. அதற்குப் பிறகு சொன்னதில்லை.

1987 அக்டோபரில் வாஷிங்டனில் எய்ட்ஸால் இறந்தவர்களுக்காக 1,920 துணிப்பலகைகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் ஆறடிக்கு மூன்றடி, ஒரு கல்லறையின் அளவு. தைத்தவர்கள் தாய்மார்கள், காதலர்கள், நண்பர்கள். அரசு உச்சரிக்கத் தயங்கியதைத் துணியில் எழுதிக் காட்டினார்கள். நம் மாவட்டத்தில் சாதிக்காகக் கொல்லப்பட்டவர்களுக்கு அப்படி ஒன்று தைக்க வேண்டும் என்பதுதான் நம் வட்டத்தின் யோசனை. எனக்கும் அதில் முழுச் சம்மதம்.

ஆனால் இரண்டு சண்டை பாக்கியிருக்கிறது. ஒன்று, தோழர்கள் உடனே 'அக்காமார்கள் தைக்கட்டும், நாங்கள் பேனர் கட்டிக்கொள்கிறோம்' என்றார்கள். முடியாது. ஊசி பிடிக்க உங்களுக்கும் விரல் இருக்கிறது. ஊசி பிடித்த பெண்கள் தைப்பதற்கு மட்டுமானவர்கள் அல்ல என்பதை 2016 ஏப்ரலில் பார்த்தோம். பி.எஃப். பணத்தை எடுக்க விடாத விதிக்கு எதிராக கார்மெண்ட்ஸ் பெண்கள் பொம்மனஹள்ளியில் இதே ஓசூர் ரோட்டை இரண்டு நாள் மறித்தார்கள். எந்தப் பெரிய சங்கமும் கூப்பிடவில்லை. ஒன்றிய அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

இரண்டாவது, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஒரு தங்கை எங்களோடு தைக்க வருகிறாள். ஆதிக்கச் சாதி வீட்டுப் பெண். முதல் நாள் காலனித் துணியைத் தொட அவளுக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. அதை அவளே பிறகு சொன்னாள். இப்போது தன் பாவாடைத் துணி ஒன்றைத் தந்திருக்கிறாள், பெயர் மட்டும் போடாதீர்கள் என்கிறாள். ஊருக்குத் தெரிந்தால் படிப்பும் வேலையும் போய்விடும் என்று பயம். 'பெயர் போடத் துணியாதவர் துணி எதற்கு' என்று ஒரு தோழர் கேட்டார். என் முடிவு, துணி இருக்கட்டும், பெயருக்கு இடம் விட்டுத் தைப்போம். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் இப்போதே சொல்லுங்கள்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வரும்போது ஆளுக்கு ஒரு துணி கொண்டு வாருங்கள். புதுத் துணி வேண்டாம், நீங்கள் உடுத்திப் பழசானது. கத்தரிக்கோல் இரண்டுதான் இருக்கிறது, வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள்.

பொந்தை இப்போது யாரிடம் இருக்கிறது? கடைசி வரிசையா? சரி, போகும்போது கொடுங்கள். அம்மாவுக்கு வேண்டும். போன மாதம் கான்ட்ராக்டர் மறுபடி மாறிவிட்டார். இந்த முறை மெரூன்.